முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

கதையின் முடிவை முந்திக்கொண்டு சொல்லிவிடுவது ஒரு குற்றமா? கேள்வியைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள் சகோதரிகளே! இதே கேள்விக்காக மேல்நாடுகளில் நன்கு படித்த மனிதர்களே பல்லாண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறார்கள். பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறைத் தோட்டத்து லயங்களிலும் இதனால் எத்தனை நாத்தனார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதற்குக் கணக்கு வைத்தவர் இல்லை.

ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்பொய்லர்' என்று பெயர். கெடுப்பது, பாழாக்குவது என்று பொருள். 1971இல் 'நேஷனல் லம்பூன்' என்ற அமெரிக்க நகைச்சுவை ஏட்டில் டக் கென்னி என்பவர் புகழ்பெற்ற நாவல்கள், படங்களின் முடிவுகளையெல்லாம் வரிசையாகப் போட்டு உடைத்தார். வாசகருக்குக் காசும் நேரமும் மிச்சம் என்பது அவர் சொன்ன சாட்டு! வேடிக்கைக்கு எழுதியதுதான். ஆனால் அந்தச் சொல் பிடித்துக்கொண்டது.

அதைப் பெரிதாக வளர்த்தவர்கள் விஞ்ஞானக் கற்பனைக் கதைகளின் ரசிகர்கள். 1982 ஜூன் மாதம் 'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் இரண்டாவது திரைப்படம் வெளியானது. அதில் முக்கிய பாத்திரமான ஸ்பொக் இறந்துபோகிறார் என்ற செய்தி படம் வருமுன்பே கசிந்து, ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். படம் எடுத்தவர்கள் செய்த தந்திரத்தைப் பாருங்கள்: படத்தின் தொடக்கத்திலேயே ஸ்பொக் சாவது போல ஒரு பொய்க் காட்சியை, அது வெறும் பயிற்சி ஒத்திகை என்று தெரியும்படி வைத்துவிட்டார்கள். செய்தி கேட்டு வந்தவர்கள், "ஓ, இதுதானா!" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். உண்மையான அடி கடைசியில் விழுந்தது. அந்த நாட்களில் கணினிகளைத் தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்து உரையாடிய சிறு கூட்டம் ஒன்று இருந்தது. படத்தைப் பற்றி எழுதும்போது, "எச்சரிக்கை, முடிவு கீழே வருகிறது" என்று முதலில் போட்டுவிட்டுத்தான் அவர்கள் விஷயத்துக்கு வந்தார்கள். ஒழுங்கு பிறந்த இடங்களில் அது ஒன்று.

பின்னர் 1990. 'ஸ்டார் ட்ரெக்'கின் புதிய தொலைக்காட்சித் தொடரில் ஒரு வாரம் கப்பல் தலைவர் பிக்கார்டை எதிரிகள் பிடித்துச் சென்று, பாதி மனிதன் பாதி இயந்திரமாக்கித் தங்கள் வாயாகப் பேச வைக்கிறார்கள். அவருடைய துணைத் தலைவரே, தன் தலைவர் இருக்கும் கப்பல் மீது சுடும்படி கட்டளையிடுகிறார். அந்தக் கட்டளையோடு 'தொடரும்' என்று போட்டார்கள். ஜூன் 18ஆம் திகதி ஒளிபரப்பான அந்தப் பகுதியின் மறுபாதி வந்தது செப்டம்பர் 24இல். சரியாகப் பதினான்கு வாரம்! தலைவர் பிழைப்பாரா, அந்த நடிகரே தொடரை விட்டுப் போகிறாரா என்று கோடை முழுவதும் வாதம். வேறு நாடுகளில் இருந்த ரசிகர்களுக்குப் பகுதி வந்து சேர இன்னும் காலம் பிடித்தது. அவர்களின் வேண்டுதல் ஒன்றே: "பார்த்தவர்களே, வாயைக் கட்டுங்கள்."

இதற்குப் பிரிட்டனின் பி.பி.சி. கண்ட வழி வேறு. 'டொக்டர் ஹூ' என்ற காலப் பயணத் தொடரின் முதல் பகுதி 1963 நவம்பர் 23இல் வெளியானது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்ட மறுநாள் அது. துக்கச் செய்தியில் நாடே மூழ்கியிருந்ததால், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன் முதற் பகுதியை மீண்டும் காட்டினார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2013 நவம்பர் 23இல் வந்த பொன்விழாப் பகுதியை 94 நாடுகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பினார்கள். ஒரு நாட்டார் மற்ற நாட்டாருக்கு முடிவைச் சொல்லிவிடக்கூடாது என்பதும் அதன் நோக்கம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பந்தி வைத்தால் யாருக்கும் எச்சில் சோறு இல்லை அல்லவா!

நமது மலைநாட்டில் அப்படி ஒரே பந்தி என்றைக்கும் கிடைத்ததில்லை. இங்கேதான் இந்தச் சிறு விஷயம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்த கதையே ஒரு விஞ்ஞானக் கற்பனை எழுத்தாளரின் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது. 1956 முதல் 2008இல் இறக்கும் வரை நமது நாட்டிலேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், செய்மதி மூலம் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர். 1975இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செய்மதி வழியாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிப் பரிசோதித்தபோது, கொழும்பில் இருந்த அவர் வீட்டிலும் ஓர் அகன்ற தட்டு அன்டெனாவை நிறுவித் தந்தது. நாட்டில் அப்போது வேறு தொலைக்காட்சி இல்லை. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சி வந்தது. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி வந்தது. பிதுருதலாகல உச்சியில் கோபுரம் எழுந்தது.

கோபுரம் உயரமானதுதான். ஆனால் தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் போவது. நடுவே ஒரு மலை நின்றால், வெயிலுக்கு மறைப்புக் கட்டியது போல, மலைக்குப் பின்னால் நிழல் விழும். பதுளை நகரமே மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணத்துக்குள் இருப்பது. நமுனுகுல ஒரு பக்கம் சுவர் மாதிரி நிற்கிறது. ஒரு தோட்டத்தில் படம் பளிச்சென்று தெரிய, அடுத்த டிவிஷனில் வெறும் புள்ளியும் இரைச்சலும்தான். ஒருவர் கூரை மேல் நின்று அன்டெனாவைத் திருப்ப, உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம்! போச்சு, போச்சு!" என்று கத்தாத வீடு ஊவாவில் உண்டா? லயத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில் கார் பற்றரியில்தான் பெட்டி ஓடியது. சார்ஜ் இறங்க இறங்கப் படம் சுருங்கும். உச்சக்கட்டத்துக்கும் பற்றரிக்கும் ஏனோ ஜென்மப் பகை!

ஆகவே யார் முதலில் பார்த்தார்கள்? பெட்டியும் மின்சாரமும் வைத்திருந்தவர்கள். பிறகு கேள்விப்பட்டவர்கள் யார்? கொழுந்து நிறுத்துவிட்டு இருட்டோடு லயத்துக்கு வந்தவள். அடுப்படியில் நின்றவள். பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தவள். நமது வீடுகளில் இன்னொன்றும் உண்டு: மாலைத் தொடர்கள் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் வந்து விழும். பெட்டியை அணைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனவள் திரும்பி வருவதற்குள் பாதிக் கதை போய்விட்டிருக்கும். (பெட்டியை அணைக்காமல் தொழுகையையே தள்ளிப் போடும் வீடுகளைப் பற்றி இங்கே பேச வரவில்லை. அது வேறு கட்டுரை.) முடிவை முந்திச் சொல்பவர் எப்போதும் வசதியுள்ளவர், அது யாருக்குக் கெட்டுப்போகிறதோ அவள் எப்போதும் வேலையில் இருந்தவள். அவளுக்கு அன்றைய நாளில் கிடைக்கவிருந்த ஒரே இன்பமாகக்கூட அது இருந்திருக்கலாம்.

இன்று மின்சாரம் வந்துவிட்டது. 1998இல் சக்தி தொலைக்காட்சியும், 2009இல் வசந்தமும் வந்தன. இப்போது கையில் தொலைபேசி. ஆனால் நிழல் விழும் இடம் மாறியிருக்கிறதே தவிர, நிழல் போகவில்லை. வெலிமடையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். நமது நேரத்துக்கு அங்கே இரண்டரை மணி பின்னால். அவர் வேலையெல்லாம் முடித்து, தன் அறைக்கு வந்து தொலைபேசியைத் திறக்கும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். அதற்குள் மகளும் மருமகளும் போட்டி போட்டுக்கொண்டு, "உம்மா, அவன்தான் கொலைகாரன்!" என்று குரல் பதிவு அனுப்பியிருப்பார்கள். அன்போடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் உம்மாவுக்கு மிச்சமிருந்தது என்ன?

மறுபக்க வாதமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் பன்னிரண்டு சிறுகதைகளை எடுத்து, சிலருக்கு முடிவை முன்பே சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே கொஞ்சம் கூடுதலாக ரசித்ததாகக் கண்டார்கள்! பின்வந்த வேறு ஆய்வுகள் இதை மறுத்ததும் உண்டு. ஆனால் நமது மூத்த பெண்களுக்கு இந்த ஆய்வு புதிதாக இராது. நூறு மசலாவை உம்மும்மாமார் எத்தனை தடவை கேட்டார்கள்! கேள்வியும் தெரியும், விடையும் தெரியும். தெரிந்த விடை வரும்போது ஒன்றாகத் தலையாட்டும் சுகமே தனி.

மேலான உதாரணம் சூரா யூசுஃப். தந்தையிடம் சிறுவர் யூசுஃப் (அலை) சொல்லும் கனவு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அந்தக் கனவு எங்கே போய் முடியும் என்பது ஓதும் நமக்குத் தெரியும். தெரிந்தும் கிணற்றிலும் சிறையிலும் நம் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. ஆனால் அதே இடத்தில் யஃகூப் (அலை), இந்தக் கனவை உன் சகோதரர்களிடம் சொல்லாதே என்று மகனுக்கு அறிவுறுத்துகிறார். ஒரே செய்தி, ஒருவருக்குச் சொல்லத் தக்கது, மற்றவருக்குச் சொல்லத் தகாதது!

வேத வரலாற்றைக் கட்டுக்கதையோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அங்கே இருப்பது ஹக்கு. பேச்சு ஒழுக்கத்தைத் தேடித்தான் நாம் அங்கே போகிறோம். வெள்ளிக்கிழமைதோறும் ஓதும் சூரா கஹ்ஃபில் மூஸா (அலை) அவர்கள் ஹிழ்ர் (அலை) அவர்களோடு பயணம் புறப்படுகிறார்கள். நானாக விளக்கும் வரை எதையும் கேட்காதீர் என்பது ஹிழ்ரின் நிபந்தனை. கப்பலில் ஓட்டை, ஒரு சிறுவனின் மரணம், கூலி வாங்காமல் நிமிர்த்திய சுவர் என்று மூன்று இடத்திலும் மூஸா நபியால் பொறுக்க முடியவில்லை. பயணம் அங்கேயே முடிகிறது. மூஸா இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவர்கள் இருவரின் செய்தி நமக்கு மேலும் கிடைத்திருக்குமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே விரும்பியதாக புகாரியில் வருகிறது.

ரசிகர்களின் வாதங்களுக்கும் அதே சூராவில் ஒரு கடிவாளம் இருக்கிறது. குகைத் தோழர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் தர்க்கித்துக்கொண்டிருப்பதைச் சொல்லிவிட்டு, அதில் மேலோட்டமாக அன்றி வாதாட வேண்டாம் என்று அல்லாஹ் நபியவர்களுக்குக் கட்டளையிடுகிறான். எண்ணிக்கைக்காகச் சண்டை போட்டுச் சம்பவத்தின் படிப்பினையைக் கோட்டை விடுவோரை நாமும் அறிவோம்தானே. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லும்போது இருபுறமும் திரும்பிப் பார்த்தால் அந்தப் பேச்சே ஓர் அமானிதம் என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. "இன்னும் பார்க்கவில்லை, சொல்லாதே" என்று வாய்விட்டே ஒருத்தி கேட்டுக்கொண்ட பிறகு சொல்வதை என்னவென்பது?

நடைமுறைக்கு என் அபிப்பிராயம் இது. கேட்டவருக்குச் சொல்லலாம். தொழுதுவிட்டு வந்தவள், "எங்கே விட்டார்கள், என்ன நடந்தது?" என்று கேட்டால் விடுபட்டதைச் சொல்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கேட்காதவருக்கு வலியச் சொல்வதுதான் பிழை. எத்தனை நாள் காக்க வேண்டும் என்று மேல்நாட்டு ரசிகர்கள் மணிக்கணக்கும் வாரக்கணக்கும் பேசுகிறார்கள். நமது வீட்டில் கணக்கு எளிது: வீட்டில் கடைசியாகப் பார்க்கிறவர் பார்த்து முடிக்கும் வரை. அவர் ரியாத்தில் இருந்தாலும் சரி. பயங்கரக் காட்சி வரும் தொடரில் மட்டும் விதிவிலக்கு. சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பயப்படக்கூடிய இடம் வருகிறதென்றால் முன்கூட்டியே எச்சரிப்பதுதான் நல்லது.

விஞ்ஞானக் கற்பனை என்றால் ஆண் பிள்ளைகள் பார்க்கும் துப்பாக்கிச் சண்டை என்று ஒதுக்கிவிடும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. 1905இல் ஒரு முஸ்லிம் பெண் இத்துறையில் எழுதிவிட்டார்! இன்றைய பங்களாதேஷில் பிறந்த ரொக்கையா சகாவத் ஹுசைன், 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது வெளியானது மதராஸிலிருந்து வந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில். வெயிலிலிருந்து சக்தி எடுக்கிறார்கள், ஆகாய வாகனத்தில் போகிறார்கள், நாட்டைப் பெண்கள் ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள்ளே! 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் சிறுமிகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கியவரும் இவரே. இதில் வேடிக்கை, தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் கதை கெடவில்லை.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கிறது. ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. காணாமற்போன கணவனைத் தேடும் நிலா என்ற பெண்ணும், புத்தகம் படித்துப் பேசும் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியும் அதில் வருவார்கள். நாட்டையே ஆட்டிப்படைக்கும் ஜீவா என்ற தலைவர் உண்மையில் யார் என்பதில்தான் கதையின் முடிச்சு. அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். பதுளையில் இன்னும் படிக்காதவர்கள் இருப்பார்கள்.