எங்கள் வீட்டு நடிகர் திலகம்!
டெக்ஸாஸில் நான் ஆசையாய் வளர்ப்பது, பன்றி மாதிரி மூக்கு தூக்கிய ஹாக்நோஸ் பாம்பு ஜோடி. குளிர்காலத்தில் 2 மாதம் ஜில்லென்ற இருட்டில் தூங்க வைத்தேன். வசந்தத்தில் கூடி, 9 முட்டை! புரட்டினால் கருவுக்கு ஆபத்தாச்சே... ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சில் புள்ளி வைத்து, 28 டிகிரி செல்சியஸ் சூட்டில் காத்தேன். 58-ம் நாள் குட்டிகள்!

எட்டு சாப்பிட்டன. ஒன்று மட்டும் மூன்று வாரமாகப் பட்டினி. தேரை தின்னும் இனமாச்சே என்று, தேரை வாசனை தடவிய எலிக்குஞ்சை நீட்டினேன். பொத்தென்று மல்லாந்தது! வாய் பிளந்து, நாக்கு வெளியே...

"போயிடுச்சும்மா!" என்றேன், தொண்டை அடைக்க.

மனைவி வந்து குப்புறப் புரட்டிவிட்டாள். சட்டென்று மறுபடி மல்லாந்தது!

"செத்த பாம்பு எங்கேயாவது புரண்டு படுக்குமாங்க?"

பயந்தால் செத்த மாதிரி நடிப்பது இந்த இனத்தின் வித்தை. பதற்றத்தில் மறந்தே போச்சு!

மறுநாள் காலை எலிக்குஞ்சைக் காணோம்!