ஔவையார் ஏன் கிடைக்கவில்லை?

பள்ளி நூலகர் ஒருவர் கணினியில் 'ஔவையார்' என்று தட்டித் தேடுகிறார். அப்படி எதுவும் இல்லை என்கிறது திரை. எழுந்து போய்ப் பார்த்தால் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. பட்டியலைத் தட்டச்சு செய்தவர் 'ஔ' என்னும் ஒற்றை எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து அடித்துவிட்டார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்.

டிஜிட்டல் கருவிகள் என்றதும் ஸ்மார்ட் போர்டு, வினாடி வினாச் செயலி, ஏஐ என்று பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது. நூலகருக்கு முதல் கருவி அவருடைய புத்தகப் பட்டியல்தான். சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது நான்காவது. எந்தச் செயலியைப் பற்றி யார் வந்து விளக்கினாலும் இந்த ஒரு விதியை வைத்து உரசிப் பார்க்கலாம்.

பட்டியலுக்கென்றே விலை கொடுத்துத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இரண்டாயிரம் புத்தகம் உள்ள பள்ளிக்கு ஒரு எக்செல் தாளே தாங்கும். அதற்கு மேல் போனால் கோஹா இருக்கிறது. நியூசிலாந்தின் சிறிய ஊர் நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000இல் புழக்கத்துக்கு வந்த இலவச மென்பொருள் அது; மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு என்று பொருள். ஆனால் அதை நிறுவவும் பராமரிக்கவும் கணினி தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத பள்ளி அதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

எதில் பட்டியல் போட்டாலும் யூனிகோடில் போடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் பல பள்ளிகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் மேலே தெரிவது தமிழ், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அதனால்தான் தேடினால் எதுவும் அகப்படுவதில்லை. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு; மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்த வேண்டும்.

அடுத்தது ஆசிரியர் பெயர். உ.வே.சா., சாமிநாதையர், சுவாமிநாத ஐயர் எல்லாம் ஒருவரே என்று நமக்குத் தெரியும், எக்செலுக்குத் தெரியாது. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் அப்படித்தான். ஒரு வடிவத்தை நிலையாக வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதிவிடலாம். இன்னொரு கட்டமும் தேவை என்பேன்: அட்டையின் நிறமும் படமும். நூலகவியல் பாடத்தில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆசிரியர் பெயர் சொல்லியா கேட்கிறது? "மிஸ், அன்னிக்குக் குடுத்தீங்களே, யானை போட்ட பச்சை புக்கு, அது இருக்கா?" என்றுதான் கேட்கும்.

பட்டியல் சரியானபின் புத்தகங்களைக் கூட்டலாம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் படங்களோடு ஏராளம். வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு புரொஜெக்டர் இருந்தால் வகுப்பு முழுவதும் ஒரே கதையைச் சுவரில் பார்த்து வாசிக்கலாம். இவற்றின் பெரிய வசதி உரிமம்தான். எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டுவிட்டால் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஆங்கிலக் கதையொன்றைத் தமிழாக்கி ஒன்றாம் வகுப்புக்குப் படித்துக் காட்டும்போது மொழிப் பாடமும் நூலகமும் ஒரே மணியில் நடந்துவிடுகின்றன.

1998 முதல் தன்னார்வலர்களால் நடந்துவரும் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், விக்கிமூலம் ஆகியவை வேறு வகை. அங்கே பழைய நூல்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழாசிரியருக்கு அவை புதையல். பத்து வயதுப் பிள்ளையிடம் போனில் ஸ்கேன் பக்கங்களைக் காட்டினால் இரண்டாம் பக்கத்திலேயே ஓடிவிடும்.

வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப் புத்தகங்களை என்ன செய்வது? நம் நாட்டில் ஒரு நூலின் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. இன்று வாழும் எழுத்தாளரின் நாவல் இலவசமாக வந்தால், அது அவர் மனமுவந்து கொடுத்ததாக இருந்தாலொழிய, பள்ளிக் கணினியில் அதற்கு இடமில்லை.

இணையம் இழுபறியாக உள்ள ஊர்களுக்குக் கிவிக்ஸ் என்னும் செயலி கைகொடுக்கும். தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் இணைப்பே இல்லாமல் தேடலாம். வினாடி வினாவுக்குப் பிளிக்கர்ஸ். பிள்ளைகளிடம் போன் தேவையில்லை. ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை. விடைக்கேற்ப அட்டையைத் திருப்பிப் பிடித்தால் ஆசிரியரின் போன் கேமரா படித்துக்கொள்ளும். வகுப்பறையில் போன் கூடாது என்னும் நம் பள்ளிகளுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

மாணவரின் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் எல்லாம் கேட்கும் செயலியிடம் எச்சரிக்கை வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. உள்நுழையாமலே வேலை செய்யும் கருவி கிடைத்தால் அதையே எடுங்கள்.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் ஏஐ. இதற்குத் தடையும் வேண்டாம், தலைமேல் தூக்கிவைக்கவும் வேண்டாம். ஒரு பயிற்சி சொல்கிறேன். நூலகரே தம் கணினியில், மாணவர்கள் பார்த்திருக்க, 'பறவைகள் பற்றித் தமிழில் வந்த பத்துச் சிறுவர் நூல்கள்' என்று கேட்கட்டும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் என்று அழகான பட்டியல் நொடியில் வரும். அதில் சில நூல்கள் யாரும் எழுதாதவையாக இருக்கலாம். அடுத்தடுத்து வரக்கூடிய சொற்களைக் கணித்துக் கோப்பதுதான் அதன் வேலை, அலமாரியைப் பார்த்துச் சொல்வதில்லை. பட்டியலை அச்சிட்டு ஆளுக்கொரு தலைப்பாகப் பிரித்துக் கொடுங்கள். நம் எக்செல் தாளில் இருக்கிறதா, பதிப்பகத்தின் பட்டியலில் இருக்கிறதா, அந்த எழுத்தாளர் உண்மையில் இருக்கிறாரா என்று ஒவ்வொருவரும் துப்பறிந்து வரட்டும். அரை மணி நேரத்தில் எது மெய், எது கற்பனை என்று பலகையில் இரண்டு பத்தியாகிவிடும். இல்லாத புத்தகத்தைத் தேடி அலமாரிகளுக்கு நடுவே போன பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் வேறேதோ புத்தகத்தோடு திரும்பி வருவார்கள். அதற்கும் பதிவேட்டில் ஒரு வரி போட்டுக் கொடுத்துவிடுங்கள்.