சுவர்கள் இல்லாத இசைக் கல்லூரி: டியூக் எலிங்டனுக்கு யேல் எடுத்த விழா

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவன் நகரம். 1972-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஓர் இரவு. யேல் பல்கலைக்கழக அரங்கில் டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியின் தலைமையில் அறுவர் கொண்ட ஜாஸ் குழு வாசித்துக் கொண்டிருந்தது. அப்போது, அரங்கில் குண்டு வைக்கப்பட்டிருப்பதாக ஒரு மிரட்டல் வந்தது.

போலீஸார் விரைந்து வந்தனர். ரசிகர்களும் கலைஞர்களும் உடனே வெளியேறுமாறு கேட்டுக் கொள்ளப்பட்டனர். எல்லோரும் வெளியேறினர். ஒருவர் மட்டும் மறுத்துவிட்டார். அவர், பாஸ் வாத்தியக் கலைஞர் சார்லஸ் மிங்கஸ்.

குண்டு வைத்தது இனவெறி என்றும், ஆனால் இந்த இசையைக் கொல்லும் வலிமை அந்த இனவெறிக்குக் கிடையாது என்றும் அவர் போலீஸ் அதிகாரியிடம் கூறினார். வெறிச்சோடிய அரங்கின் மேடையில் தன்னந்தனியாக நின்று தனது ஆளுயர வாத்தியத்தில் அவர் மீட்டிய பாடல் "சஃபிஸ்டிகேட்டட் லேடி'. திறந்திருந்த கதவுகள் வழியே அந்த இசை வீதிக்கு வந்தது. வீதியில் கூடியிருந்தவர்களோடு நின்று, அதைப் புன்னகையுடன் கேட்டுக் கொண்டிருந்தார் 73 வயது முதியவர் ஒருவர். அந்தப் பாடலை இயற்றியவர் அவர்தான். அந்த விழா எடுக்கப்பட்டதும் அவருக்காகத்தான். அவர் பெயர் டியூக் எலிங்டன்.

குண்டு எதுவும் வெடிக்கவில்லை. விழாவுக்கு ஏற்பாடு செய்திருந்த பேராசிரியர் வில்லி ரஃப் பின்னாளில் நினைவுகூர்ந்த இந்தச் சம்பவம், ஒரு பல்கலைக்கழக இசை விழாவின் சுவையான செய்தித் துணுக்கு மட்டுமல்ல. யாருடைய இசைக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கும், யாருடைய இசைக்குத் திறக்காது என்ற நீண்டகால வழக்கின் ஒரு முக்கியக் கட்டம் அது.

பள்ளிப் படிப்பை முடிக்காதவர்

எட்வர்ட் கென்னடி எலிங்டன், 1899 ஏப்ரல் 29-ஆம் தேதி அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தவர். கருப்பினக் குடும்பம். தந்தை, மருத்துவர் ஒருவரின் வீட்டில் பணியாளராக இருந்தார். நேர்த்தியான உடை, பண்பான பேச்சு ஆகியவற்றைக் கண்டு நண்பர்கள் சூட்டிய பட்டப் பெயரே "டியூக்', அதாவது கோமகன். பள்ளி இறுதிப் படிப்பை முடிக்காமலேயே பியானோவுடன் பிழைப்பைத் தேடிப் புறப்பட்டார் இந்தக் கோமகன்.

1927 டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள காட்டன் கிளப்பில் அவரது குழுவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அங்கிருந்து ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சிகள் அவரது பெயரை நாடெங்கும் கொண்டு சேர்த்தன. மேடையில் ஆடுபவர்களும் பாடுபவர்களும் கருப்பினத்தவர்கள். பார்வையாளர்களாக அனுமதிக்கப்பட்டவர்களோ வெள்ளையர்கள் மட்டுமே. பின்னர் தென் மாநிலங்களில் சுற்றுப்பயணம் செய்தபோது ஹோட்டல்களில் இடம் மறுக்கப்படும் என்பதால், குழுவினர் தங்குவதற்கென ரயில் பெட்டிகளையே தனியாக அமர்த்திக் கொண்டார் எலிங்டன்.

அரை நூற்றாண்டு காலம் ஓயாமல் பயணம் செய்துகொண்டே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைப் படைப்புகளை அவர் உருவாக்கினார். "மூட் இண்டிகோ', "சாலிட்யூட்', "இன் எ சென்டிமென்டல் மூட்' ஆகியவை இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. நமது திரைப்படங்களில் மெட்டுக்குப் பாட்டு எழுதுவதைப் போல, அவரது பல மெட்டுகளுக்குப் பின்னரே பாடலாசிரியர்கள் சொற்களை அமைத்தனர். யேல் அரங்கில் மிங்கஸ் வாசித்த பாடலும் அத்தகையதே.

இந்த மிங்கஸ், 1953-இல் எலிங்டனின் குழுவில் சில நாள்கள் மட்டுமே இருந்தவர். சக கலைஞருடன் ஏற்பட்ட மோதலால் எலிங்டனே அவரைக் குழுவிலிருந்து விலக்கினார். அப்படி விலக்கப்பட்டவர்தான் 19 ஆண்டுகளுக்குப் பிறகு, உயிரைப் பொருட்படுத்தாமல் அவரது பாடலை வாசித்தார்.

தில்லியில் மருத்துவமனைவாசம்

எலிங்டனுக்கும் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சோவியத் யூனியனுடன் பனிப்போர் நடந்துவந்த காலத்தில், ஜாஸ் கலைஞர்களை அரசுச் செலவில் வெளிநாடுகளுக்கு அனுப்பியது அமெரிக்க வெளியுறவுத் துறை. இந்த யோசனைக்காக முன்நின்று குரல் கொடுத்தவர், ஹார்லெம் பகுதியிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான ஆடம் கிளேட்டன் பவல். 1956-இல் கில்லெஸ்பியின் குழு முதலாவதாகப் புறப்பட்டது. 1958-இல் டேவ் புரூபெக்கின் குழு இந்தியாவுக்கு வந்தது. 1963 செப்டம்பரில் எலிங்டனின் முறை.

டமாஸ்கஸில் தொடங்கி, காபூல் வழியாகத் தில்லி வந்து சேர்ந்த எலிங்டன், இங்கு நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை ரத்து செய்ய மனமில்லை. அவரது இசைக் கூட்டாளியான பில்லி ஸ்ட்ரேஹார்னின் பொறுப்பில், குழு தெற்கே புறப்பட்டது. ஹைதராபாத், பெங்களூர், சென்னை ரசிகர்கள் எலிங்டன் இல்லாத எலிங்டன் குழுவைக் கேட்டனர். உடல் தேறிய பிறகு அவர் பம்பாயில் குழுவுடன் இணைந்துகொண்டார்.

இந்தப் பயணத்தின் நினைவாக எலிங்டனும் ஸ்ட்ரேஹார்னும் சேர்ந்து உருவாக்கிய "ஃபார் ஈஸ்ட் சூட்' என்ற இசைத் தொகுப்பு 1966 டிசம்பரில் பதிவு செய்யப்பட்டு, மறு ஆண்டு வெளியானது, கிராமி விருதும் பெற்றது. அதில் ஒரு பகுதியின் பெயர் "ஆக்ரா'. மற்றொன்று தில்லியின் பறவையைப் பற்றியது. தில்லியில் கேட்ட மைனாவின் குரல், அதில் கிளாரினெட் வாத்தியத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. 1967 மே மாதத்தில் ஸ்ட்ரேஹார்ன் காலமானார்.

அமெரிக்க ஜனநாயகத்தின் தூதராக எலிங்டன் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த அதே செப்டம்பரில், 15-ஆம் தேதி, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் கருப்பினத்தவரின் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. வழிபாட்டுக்கு வந்திருந்த நான்கு சிறுமிகள் உயிரிழந்தனர். எந்த நாட்டின் பெருமையை எடுத்துரைக்கச் சென்றாரோ, அந்த நாட்டின் இனப் பாகுபாடு குறித்த கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியிருந்தது. நவம்பர் 22-ஆம் தேதி அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, துருக்கியில் இருந்த குழுவின் பயணம் பாதியில் நிறுத்தப்பட்டது.

யேல் மேடையில் மிங்கஸ் வெளியேற மறுத்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். குண்டு மிரட்டல் என்பது அன்றைய கருப்பினக் கலைஞர்களுக்கு வெற்று வார்த்தை அல்ல.

மறுக்கப்பட்ட பரிசு

வெளிநாடுகளில் தூதராக மதிக்கப்பட்டவருக்கு உள்நாட்டில் கிடைத்த மரியாதை என்ன? 1965-ஆம் ஆண்டு புலிட்சர் பரிசின் இசைப் பிரிவுக்கான நடுவர் குழு, அவ்வாண்டின் படைப்பு எதையும் தேர்வு செய்யவில்லை. அதற்குப் பதிலாக, எலிங்டனின் வாழ்நாள் பணிக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. பரிசு வாரியம் அந்தப் பரிந்துரையை நிராகரித்தது. மூவர் கொண்ட நடுவர் குழுவில் இருவர் பதவி விலகினர்.

மிக இளம் வயதில் அளவுக்கு மீறிய புகழ் தமக்கு வேண்டாம் என்று விதி கருணையுடன் கருதுகிறது போலும் என்று கூறிவிட்டு நகர்ந்துவிட்டார் எலிங்டன். அப்போது அவருக்கு வயது 66.

மேலை நாட்டுச் செவ்வியல் இசைதான் இசை. ஜாஸ் என்பது மதுக்கூடங்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் அறிஞர் சபைகளில் வேரூன்றியிருந்த காலம் அது. இசைக் கல்லூரிகளின் பாடத் திட்டங்களிலும் இந்த மனப்பான்மையே பெரும்பாலும் பிரதிபலித்தது. 1969-இல் எலிங்டனின் 70-ஆவது பிறந்த நாளன்று வெள்ளை மாளிகையில் விருந்தளித்து, நாட்டின் உயரிய விருதான சுதந்திரப் பதக்கத்தை வழங்கினார் அதிபர் நிக்சன். அரசு மனம் மாறிவிட்டது. புலிட்சர் வாரியத்தின் சிறப்புப் பாராட்டு மட்டும் 1999-இல், அவரது நூற்றாண்டின்போதுதான் வந்தது. அதைப் பெற்றுக்கொள்ள அவர் உயிருடன் இல்லை.

யேல் எடுத்த முடிவு

இந்தச் சூழலில்தான் பல்கலைக்கழகங்கள் மெல்ல முன்வந்தன. 1967-இல் எலிங்டனுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது யேல். 1972 ஜூலையில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தனது மேடிசன் வளாகத்தில் எலிங்டன் விழா நடத்தியது. அதற்கு நன்றி கூறும் வகையில், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையே தாங்கிய புதிய இசைத் தொகுப்பு ஒன்றை அவர் இயற்றினார்.

அதே ஆண்டு அக்டோபரில் யேல் எடுத்த விழா ஒரு படி மேலே சென்றது. அதற்குக் காரணமான வில்லி ரஃப், அலபாமாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே, வயதை மறைத்து ராணுவத்தில் சேர்ந்து, அங்கு பிரெஞ்சு ஹார்ன் வாசிக்கக் கற்றவர். ஜெர்மானிய இசையமைப்பாளர் பால் ஹிண்டமித் யேலில் கற்பிக்கிறார் என்பதை அறிந்து அங்கு மாணவராகச் சேர்ந்தார். 1971-இல் அதே பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகத் திரும்பினார்.

தனக்குப் பட்டம் தந்த கல்லூரி ஒன்று. தனக்கு இசை தந்த கல்லூரி வேறொன்று என்பது ரஃப்புக்குத் தெரியும். தேவாலயங்கள், நடன அரங்குகள், மதுக்கூடங்கள், இரவு நேர ரயில் பெட்டிகள் ஆகியவற்றில் மூத்தவரிடமிருந்து இளையவர் கற்ற இசை அது. அதற்குக் கட்டடமும் இல்லை, பட்டமளிப்பு விழாவும் இல்லை. எனவே, யேல் விழாவுக்குச் "சுவர்கள் இல்லாத இசைக் கல்லூரி' என்று பெயர் சூட்டப்பட்டது.

கில்லெஸ்பி, மிங்கஸ், முதுபெரும் பியானோ கலைஞர்கள் யூபி பிளேக், வில்லி "தி லயன்' ஸ்மித் உள்ளிட்ட கருப்பின இசை மேதைகள் அழைக்கப்பட்டனர். பல்கலைக்கழகத் தலைவர் கிங்மன் புரூஸ்டர் அவர்களைப் பதக்கம் அளித்துக் கௌரவித்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவரின் பெயரால், அமெரிக்காவின் பழமையான பல்கலைக்கழகங்களில் ஒன்று இசையறிஞர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

விழாவுடன் விஷயம் முடிந்துவிடவில்லை என்பதே இதன் சிறப்பு. எலிங்டன் பெயரிலான அந்தத் திட்டத்தின் கீழ், புகழ்பெற்ற கலைஞர்கள் தொடர்ந்து நியூ ஹேவனுக்கு அழைக்கப்பட்டனர். யேல் மாணவர்களுக்காக மட்டும் அவர்கள் வாசிக்கவில்லை. நகரின் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று, அங்குள்ள சிறுவர், சிறுமியர் முன்பும் வாசித்தனர். பல்கலைக்கழகத்தின் சுவரைத் தாண்டி உள்ளே வந்த இசை, அதே சுவரைத் தாண்டி மீண்டும் மக்களிடம் சென்றது. 2017-இல் ஓய்வு பெறும் வரை ரஃப் இந்தப் பணியைத் தொடர்ந்தார். 2023-இல் அவர் காலமானார்.

அவையில் நிறைவேறிய தீர்மானம்

எலிங்டன் 1974 மே 24-ஆம் தேதி காலமானார். அதற்கு 13 ஆண்டுகளுக்குப் பிறகு, 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஜாஸ் இசை, அமெரிக்காவின் அரிய, மதிப்புமிக்க தேசியச் செல்வம் என்றும், அதைப் பாதுகாக்கவும் பரப்பவும் கவனமும் நிதியும் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் அத்தீர்மானம் கூறியது. அதைக் கொண்டுவந்தவர், மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கருப்பின உறுப்பினர் ஜான் கான்யர்ஸ். ஜாஸ் தூதர்களுக்காகப் பவல் குரல் கொடுத்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டிருந்தது.

இந்த ஒரு விஷயத்தில் இந்தியா முந்திக்கொண்டது என்று சொல்லலாம். கலைத் துறையினரை மாநிலங்களவைக்கு நியமிக்க நமது அரசியல் சட்டத்தின் 80-ஆவது பிரிவு வகை செய்கிறது. அதன்படி 1952-இல் நியமிக்கப்பட்டவர்களில் ருக்மிணி தேவியும் பிருத்விராஜ் கபூரும் அடங்குவர். சங்கீத நாடக அகாதெமி 1953 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டதே நாடாளுமன்றக் கட்டடத்தில்தான்.

ஆனால், விருது வேறு, வகுப்பறை வேறு. பதக்கம் ஒரு கலைஞருடன் முடிந்துவிடுகிறது. பாடத் திட்டமோ அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. யேல் விழாவின் பாடம் இதுதான். எந்த நாட்டிலானாலும், பட்டம் பெறாத மேதைகளிடம் தங்கியிருக்கும் கலைகள் உண்டு. அவர்களை ஒரு நாள் மேடையேற்றி மாலை சூட்டுவது எளிது. மாணவர்கள் முன் ஆசிரியராக அமர்த்துவதுதான் கடினம்.

எலிங்டனைப் பொருத்தவரை, அந்த மரியாதை அவர் கண் முன்னே, அவரது 73-ஆவது வயதில் நிகழ்ந்தது. நோய்வாய்ப்பட்டுத் தில்லி மருத்துவமனையில் படுத்திருந்தபோது, அவர் இல்லாமலேயே அவரது இசை சென்னை வரை சென்றது. யேல் விழாவின் இரவில், அவர் வீதியில் நின்றிருக்க, பூட்ட முடியாத கதவு வழியே அதே இசை அவரைத் தேடி வந்தது.