ரிமோட் வேலை செய்யவில்லையா? பழியைக் கம்ப்யூட்டர் மீது போடாதீர்கள்!

பூம்புகாரில் இருக்கும் என் அக்காவிடமிருந்து ஒரு சனிக்கிழமை இரவு போன் வந்தது. "தம்பி, நீ வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரை வந்து எடுத்துக்கிட்டுப் போயிடு. வீட்டுல தினம் சண்டையா இருக்கு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் படிப்புக்காகத்தான் இரண்டு மாதங்களுக்கு முன்பு அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தேன். அத்தான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் அக்கா, அவள் மகள், அக்காவின் மாமியார் மூவர் மட்டும். கம்ப்யூட்டர் வைக்க வேறு இடம் இல்லாததால் கூடத்திலேயே டிவிக்கு எதிர்ச் சுவரில் மேஜை போட்டிருந்தோம். "அது வந்த நாளிலிருந்து டிவி ரிமோட் வேலை செய்யவில்லை" என்பதுதான் அத்தையின் புகார். முட்டிவலிக்காரர் அவர். மாலையில் கட்டிலில் படுத்தபடி சீரியல் பார்ப்பதுதான் அவருடைய ஒரே பொழுதுபோக்கு. இப்போது ஒவ்வொரு முறையும் எழுந்து போய் டிவிக்கு ஒரு அடி தூரத்தில் ரிமோட்டை நீட்ட வேண்டியிருக்கிறது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சென்சார் போர்டு போய்விட்டது, மாற்ற 1,800 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலையே மயிலாடுதுறையில் பஸ் பிடித்துப் பூம்புகார் போய்ச் சேர்ந்தேன். அங்கே நான் செய்த சோதனைகளை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பவர்கள் வீட்டில் இந்தப் பிரச்சினை எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

ரிமோட் எப்படிப் பேசுகிறது?

முதலில் கொஞ்சம் அடிப்படை. ரிமோட்டின் முனையில் சிறிய பல்பு போன்ற ஒன்று இருக்கும். அது ஒரு இன்ஃப்ரா ரெட் எல்இடி. அதிலிருந்து வருவது அகச்சிவப்பு ஒளி. இதன் அலைநீளம் சுமார் 940 நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியாது.

இருட்டில் கடலில் இருக்கும் படகிலிருந்து கரையில் நிற்பவருக்கு டார்ச்சை அணைத்து அணைத்துக் காட்டிச் சேதி சொல்வது போலத்தான் ரிமோட்டும் பேசுகிறது. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு தனி விட்டுவிட்டு எரியும் முறை உண்டு. ஆனால் டியூப் லைட், வெயில், விளக்கு என்று வீட்டில் எத்தனையோ வெளிச்சம் இருக்கிறதே, டிவி எப்படி ரிமோட்டை மட்டும் அடையாளம் கண்டுகொள்கிறது? அதற்குத்தான் ஒரு தந்திரம். ரிமோட் தன் ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கவிடுகிறது. (கம்பெனிக்குத் தகுந்தபடி 36,000 முதல் 40,000 வரை இருக்கும்.) டிவியில் உள்ள சென்சார் இந்த வேகத்தில் துடிக்கும் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும்.

ஆக, கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம்: அனுப்பும் ரிமோட், வாங்கும் சென்சார், இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி. மெக்கானிக் சென்சாரைச் சொன்னார். ஆனால் அக்கா பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னார். டிவி ரிமோட் மட்டுமல்ல, செட்டாப் பாக்ஸ் ரிமோட்டும் வேலை செய்வதில்லையாம். இரண்டு பெட்டிகள், இரண்டு சென்சார்கள். இரண்டும் ஒரே நாளில் எப்படிக் கெட்டுப் போகும்? இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

சோதனை 1: கம்ப்யூட்டரையே சாட்சியாக்குங்கள்

கண்ணுக்குத் தெரியாத ஒளி கேமராவுக்குத் தெரியும். எனவே குற்றம் சாட்டப்பட்ட கம்ப்யூட்டரையே முதலில் பயன்படுத்தினேன். நீங்களும் செய்து பாருங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து, ஆங்கிலத்தில் கேமரா என்று டைப் செய்யுங்கள். வரும் கேமரா புரோகிராமைத் திறந்தால் வெப் கேமராவில் உங்கள் முகம் தெரியும். இப்போது ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். எல்இடி வெள்ளையாகவோ இளம் ஊதாவாகவோ மின்னுவது திரையில் தெரிய வேண்டும். தெரிந்தால் ரிமோட் ஒளி அனுப்புகிறது என்று அர்த்தம்.

வெப் கேமரா இல்லையா? செல்போன் கேமராவே போதும். சில போன்களின் பின் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் பலமாக இருக்கும். அப்போது முன் கேமராவில் பாருங்கள். நன்றாக வேலை செய்யும் வேறொரு ரிமோட்டை வைத்து முதலில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

டிவி ரிமோட் பளிச்சென்று மின்னியது. செட்டாப் பாக்ஸ் ரிமோட் மங்கலாக மின்னியது. பின் மூடியைத் திறந்தால் பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் போயிருந்தது. கடற்கரை ஊர் அல்லவா? உப்புக் காற்று பட்டால் உலோகம் சும்மா இருக்குமா? பேட்டரியை எடுத்துவிட்டு, பென்சில் அழிக்கும் ரப்பரால் ஸ்பிரிங்கையும் தகட்டையும் நன்றாகத் தேய்த்தேன். ரப்பர் நுழையாத இடத்தில் வினிகரில் லேசாக நனைத்த பஞ்சால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு புதுப் பேட்டரி போட்டேன். இப்போது அதுவும் பளிச்.

இந்தச் சோதனையில் இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டனை அழுத்தாதபோதே எல்இடி மின்னினால் ஏதோ ஒரு பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. தலையணைக்கு அடியில் கிடக்கும் அப்படிப்பட்ட ஒரு ரிமோட், அறையில் உள்ள மற்ற ரிமோட்டுகளையும் பேசவிடாமல் செய்யும்.

பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு ரிமோட்டும் கட்டிலில் இருந்தே வேலை செய்தன. "பார்த்தீங்களா அத்தை, கம்ப்யூட்டர் மேல தப்பே இல்ல" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு மருமகள் படிக்க உட்கார்ந்தாள். அடுத்த நிமிடமே அத்தை குரல் கொடுத்தார்: "தம்பி, இப்ப வந்து பாரு."

ரிமோட் வேலை செய்யவில்லை!

சோதனை 2: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றிவிடுவார்கள். பிறகு எது காரணம் என்றே தெரியாமல் போகும்.

நான் முதலில் கம்ப்யூட்டரை முறைப்படி ஷட் டவுன் செய்து, மானிட்டரையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கினேன். ரிமோட்டை அழுத்தினால் அப்போதும் வேலை செய்யவில்லை. அக்கா ஆச்சரியமாகப் பார்த்தார். அடுத்ததாக மேஜைக்கு மேலே சுவரில் எரிந்த விளக்கை அணைத்தேன். ரிமோட் வேலை செய்தது! மறுபடி விளக்கைப் போட்டேன், நின்றது. அணைத்தேன், வேலை செய்தது. தற்செயலாக இருக்கக் கூடாது என்பதற்காக மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் அதேதான்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் மேஜைக்கு வெளிச்சம் போதவில்லை என்று, பரணில் கிடந்த பழைய சிஎஃப்எல் பல்பு ஒன்றை எடுத்து அந்தச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அது டிவிக்கு நேர் எதிரே இருந்தது. மருமகள் கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அந்த விளக்கையும் போடுவாள். இரண்டும் சேர்ந்தே வந்ததால் பழி கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அத்தை சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. கம்ப்யூட்டர் வந்த நாளில்தான் பிரச்சினையும் வந்தது. ஆனால் செய்தது கம்ப்யூட்டர் அல்ல.

விளக்குக்கும் ரிமோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சிஎஃப்எல் பல்பின் அடியில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது. அது குழாய்க்குள் போகும் மின்சாரத்தை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை மாற்றுகிறது. இது ரிமோட் துடிக்கும் வேகத்துக்கு மிக அருகில் வந்துவிடலாம். குழாய்க்குள் இருக்கும் ஆர்கான் வாயுவும் பாதரச ஆவியும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு கொஞ்சம் அகச்சிவப்பையும் வெளிவிடுகின்றன. விளக்கைப் போட்ட முதல் சில நிமிடங்களில், பாதரசம் சூடாகும் வரை, ஆர்கானின் அகச்சிவப்பு அதிகமாக இருக்கும். இதை டிவி சென்சார் ரிமோட் என்று நினைத்துக் குழம்புகிறது. தொடர்ந்து இரைச்சல் வந்தால் பல சென்சார்கள் தங்கள் காதைத் தாங்களே பாதி மூடிக்கொள்ளும். அதனால்தான் பத்து அடியில் வேலை செய்யாத ரிமோட், ஒரு அடியில் வேலை செய்கிறது.

உங்கள் வீட்டிலும் வெளிச்சம்தான் காரணமா என்று அறிய சுலபமான வழி உண்டு. ஒரு தாளைக் குழாய் போலச் சுருட்டி டிவியின் சென்சார் மீது வைத்து, அந்தக் குழாய் வழியாக ரிமோட்டை அழுத்துங்கள். குழாய் வைத்தால் வேலை செய்து, எடுத்தால் நின்றுவிட்டால் வெளி வெளிச்சம்தான் குற்றவாளி.

பழைய எல்சிடி மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்இடி பேக்லைட் பரவுவதற்கு முன்பு வந்த எல்சிடி மானிட்டர்களில் திரைக்குப் பின்னால் மெல்லிய ஃப்ளோரசன்ட் குழாய்கள் இருக்கும். அவையும் இதே வேலையைச் செய்யலாம். மானிட்டரை மட்டும் அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நேரடி வெயில் சென்சாரில் விழுந்தாலும் ரிமோட் எட்டும் தூரம் குறையும். திரைச்சீலை போட்டால் போதும்.

இது இன்று நேற்று வந்த தொல்லை அல்ல. 1955இல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனி, யூஜின் பாலி என்ற பொறியாளர் உருவாக்கிய ஃபிளாஷ்மேட்டிக் ரிமோட்டை விற்றது. டார்ச் போல ஒளியை அடித்தால், டிவியின் நான்கு மூலைகளில் இருந்த ஒளி உணரிகள் வேலை செய்யும். ஆனால் அவற்றுக்கு டார்ச் ஒளிக்கும் வெயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. வெயில் பட்டாலே சேனல் மாறிவிடும்! அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனி ஒளியை விட்டுவிட்டு, காதுக்குக் கேட்காத ஒலியால் இயங்கும் ரிமோட்டுக்கு மாறியது. ஒளியைக் குறிப்பிட்ட வேகத்தில் துடிக்கவிடும் தந்திரம் வந்த பிறகுதான் ஒளி ரிமோட்டுகள் மீண்டும் நிலைத்தன.

என்ன செய்தோம்?

தருமகுளம் கடைத்தெருவில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு வாங்கி மாட்டினோம். வெள்ளை எல்இடியிலிருந்து அகச்சிவப்பு அநேகமாக வருவதே இல்லை. பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. பல்பு மாற்ற வசதியில்லாதவர்கள், விளக்கின் வெளிச்சம் டிவியின் முகத்தில் நேராக விழாதபடி இடம் மாற்றி வைத்தாலும் போதும்.

கழற்றிய சிஎஃப்எல்லைக் குப்பையில் வீசி உடைக்காதீர்கள். அதில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. தவறி உடைந்துவிட்டால் ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே இருங்கள். பிறகு வெறுங்கையால் தொடாமல் தடித்த அட்டையால் வாரி எடுங்கள்.

கம்ப்யூட்டரிலும் இதே கதை

வயர்லெஸ் மவுஸ் திடீரென்று தடுமாறுகிறதா? பெரும்பாலான வயர்லெஸ் மவுஸ்கள் ஒளியில் அல்ல, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 கருவிகள் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பலாம் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் ஓர் அறிக்கையில் விளக்கியது. எனவே மவுஸின் சிறிய ரிசீவருக்குப் பக்கத்திலேயே வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியிருந்தால், ரிசீவரை எதிர்ப்பக்க போர்ட்டில் மாற்றிச் செருகுங்கள். மவுஸைத் தூக்கிப் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் 18 மாதங்கள் தினமும் காலை ஏழு மணிக்குப் பிராட்பேண்ட் நின்று போனது. கேபிள்களை எல்லாம் மாற்றியும் பயனில்லை. கடைசியில் பொறியாளர்கள் இரைச்சலைத் தேடிக் கருவியோடு ஊரைச் சுற்றி வந்தபோது, ஒரு வீட்டில் காலையில் போடப்படும் பழைய டிவிதான் காரணம் என்று தெரிந்தது. இது 2020இல் செய்தியானது. துப்புக் கொடுத்தது எது? நேரம்! கோளாறு எப்போது வருகிறது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

1,800 ரூபாய் மிச்சம். கம்ப்யூட்டரும் கூடத்திலேயே இருக்கிறது. போன வாரம் அக்கா மறுபடி போன் செய்தார். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் அவ்வப்போது கரகரவென்று சத்தம் வந்ததாம். மிக்ஸி ஓடும்போது மட்டும்தான் வருகிறது, இரண்டும் ஒரே ஸ்விட்ச் போர்டில் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, மிக்ஸியை வேறு போர்டுக்கு மாற்றியதும் சத்தம் நின்றுவிட்டதாம். கண்டுபிடித்தது யார் தெரியுமா? அத்தை!