எண்ணூர்க் கடலில் எண்ணெய்

2017ஆம் வருஷம் ஜனவரி 28ந் தேதி விடியற்காலையில், எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, சமையல் வாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட 'பி. டபிள்யூ. மேப்பிள்', மற்றொன்று, பெட்ரோலியப் பண்டங்களுடன் உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்'. கடலுக்குப் பங்கமில்லை என்றே துறைமுகத்தார் அன்று அறிக்கை விடுத்தனர். ஆனால் எர்ணாவூர்க் கரையில் கரிய குழம்பு வந்து ஒதுங்கலாயிற்று. சில தினங்களில் மெரினாவையும் தாண்டித் தெற்கே சென்றது. சுமார் 20 டன் என்று முதலில் சொல்லப்பட்ட கணக்குப் பின்னர் 196 டன் என்றாயிற்று.

இந்தக் கணக்குப் பிசகு அற்ப விஷயமன்று. கப்பல் இயந்திரத்துக்குரிய கன எண்ணெய், நீரில் விழுந்ததும் படலமாகப் பரவுகிறது. அச்சமயம் மிதவை வேலி கட்டித் தடுத்து, மேலாக வாரியெடுத்துவிடலாம். காலந் தாழ்த்தினாலோ, அலை அதைக் கடைந்து, நீரும் எண்ணெயும் பிரியாத களியாக்கிவிடுகிறது. அளவும் பன்மடங்கு பெருகுகிறது. எர்ணாவூரில் நிகழ்ந்தது இதுவே. உறிஞ்சும் இயந்திரங்கள் அடைத்துக்கொண்டன. மாணவர்களும் மீனவரும் கூலியாட்களும் கடலோரக் காவல் படையினரும் வாளி வாளியாகக் கையால் அள்ளினர். ஆமைகள் செத்து ஒதுங்கின. சென்னையில் மீன் வாங்குவாரில்லை.

திட்டம் இல்லாமற் போகவில்லை. எண்ணெய்ச் சிதறலுக்கென 1996 முதல் தேசியத் திட்டமொன்று உண்டு. 700 டன் வரையில் சிந்தினால் துறைமுகமே சமாளிக்க வேண்டுமென்பது அதன் விதி. 196 எங்கே, 700 எங்கே! இவ்வளவு சிறிய சோதனையிலேயே வாளிதான் கைகொடுத்ததென்றால், அந்த விதியை யார் பார்வையிட்டனர் என்று கேட்காமலிருக்க முடியுமா?

2023 டிசம்பரில் 'மிச்சாங்' புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை நிரப்பியது. தங்கள் குழாயில் கசிவில்லை என்று ஆலையார் கூறினர். ஆலையின் மழைநீர் நிர்வாகம் போதாதென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. மறுபடியும் வாளி, அள்ளியவர் அதே மீனவர். சர்க்கார் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. நண்டும் இறாலும் அற்ற கழியில் இத்தொகை எத்தனை நாளைக்குக் காணும்?

கொல்லிமலைப் பெரக்கரை நாட்டிலிருக்கும் நேயர் இதைக் கரையோரத்தார் துன்பமென்று கருதலாகாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் மிளகும் அன்னாசியும் சுமந்திறங்கும் லாரிக்கு வேண்டிய எண்ணெயும் பெரும்பாலும் கடல் கடந்து வருவதே. அனுபோகம் எல்லாருக்கும், கரி எண்ணூருக்கு என்பது நியாயமன்று.

ஆகவே, மிதவை வேலியும் வாரியெடுக்கும் கருவிகளும் எத்தனை மணி நேரத்தில் நீரில் இறங்குமென்பதைத் துறைமுகத்தாரும் ஆலையாரும் வருஷந்தோறும் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் மீனவர் முன்னிலையில் இறக்கிக் காட்டவேண்டும். சிந்திய அளவை முதல் நாளிலேயே அக்குப்பங்களுக்கு அறிவிக்கவும் சட்டத்தால் கட்டாயப்படுத்த வேண்டும்.