வறட்சியும் தேயிலைச் செடியும்: இலங்கை மலையகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

இலங்கையில் தேயிலை வணிகப் பயிராக 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லரால் தொடங்கப்பெற்றது. கோப்பிப் பயிர் இலைத்துரு நோயால் அழிந்தபின் தேயிலை மலையகமெங்கும் பரவியது. அதனைக் கொய்யும் பணி அன்றுதொட்டுப் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகளிலேயே இருந்து வருகின்றது. ஆதலின் வறட்சியைச் செடி எதிர்கொள்ளும் முறை, தாவரவியலோடு நின்றுவிடாது தொழிலாளரின் வாழ்வியலோடும் தொடர்புடையதாகின்றது.

1. இலையில் நிகழ்வன

மண்ணில் ஈரம் குறையுங்கால் வேர்களில் அப்சிசிக் அமிலத்தின் உற்பத்தி மிகுகின்றது. இவ்வமிலத்தின் தூண்டுதலால் இலைவாய்கள் மூடிக்கொள்கின்றன. இதனால் ஆவியுயிர்ப்புக் குறைந்து நீர் காக்கப்படுகின்றது. ஆனால் கரியமில வாயு உட்புகுவதும் தடைப்படுவதால் ஒளித்தொகுப்புத் தளர்கின்றது. அதேவேளை புரோலின், கரையும் சர்க்கரைகள் முதலியன உயிரணுக்களில் சேர்ந்து, நீர் வெளியேறாதவாறு அவற்றைக் காக்கின்றன.

வறட்சி என்பது மண்ணை மட்டும் பொறுத்ததன்று. காற்று மிக உலர்ந்திருப்பின், நீர் பாய்ச்சப்பட்ட நிலத்திலும் கொழுந்தின் நீட்சி குன்றுகின்றது. நீர்ப்பாசனம் ஒன்றே முழுத் தீர்வாகாமைக்கு இதுவே காரணம். நிழல் மரங்கள் இலையின் வெப்பத்தைத் தணித்து இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

2. வேரும் கவ்வாத்தும்

விதையிலிருந்து முளைத்த பழைய செடிகள் ஆணிவேர் உடையன. ஆழத்து ஈரத்தை எட்டவல்லன. தண்டுத் துண்டுகளிலிருந்து பெருக்கப்படும் இனவகைகள் விளைச்சலில் மேம்பட்டவை. எனினும் அவற்றுக்கு ஆணிவேர் இல்லை. ஆதலின் மேல்மண் உலரும்போது அவையே முதலில் வாடுகின்றன. இவ்வினவகைகளுக்குள்ளும் வறட்சியைத் தாங்கும் ஆற்றல் வேறுபடுகின்றது.

வேரில் சேமிக்கப்படும் மாப்பொருளே கவ்வாத்துக்குப்பின் புதுத்தளிர் விடுவதற்கான மூலதனமாகும். வறட்சியால் ஒளித்தொகுப்புக் குன்றிய செடி இச்சேமிப்பைச் செலவிட்டுவிடுகின்றது. அந்நிலையில் கவ்வாத்து வெட்டினால் வாதுகள் பட்டுப்போதலும் செடியே மடிதலும் நேரும். இலையுடன் ஓரிரு வாதுகளை விட்டுவைத்து வெட்டுதலும், மானாப்புல்லால் மண்ணை மூடுதலும் இவ்விழப்பைக் குறைக்கும் வழிகளாகும்.

3. அளவும் சுவையும்

அழுத்தம் எப்பொழுதும் கேடே பயப்பதன்று. ஊவாப் பகுதியில் ஏறத்தாழ யூலை முதல் செப்டெம்பர் வரை உலர்ந்த கச்சான் காற்று வீசுகின்றது. அப்பொழுது கொழுந்தின் வளர்ச்சி தணிந்து, மெத்தில் சலிசிலேற்று உள்ளிட்ட மணச்சேர்மங்கள் மிகுகின்றன. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குச் சிறப்பளிக்கும் மணம் இப்பருவத்திற்குரியதே. எனினும் இந்நன்மை மிதமான வறட்சிக்கே உரியது. வறட்சி கடுமையாகவோ நீண்டோ அமையின் கொழுந்தே அரும்பாது மொட்டுகள் உறங்குநிலை எய்துகின்றன.

4. கூலியோடுள்ள தொடர்பு

தோட்டங்களில் ஒருநாட் கூலி ‘பேர்’ எனப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து கொய்யாதவர்க்கு ‘அரைப்பேர்’ இடப்படும் வழக்கம் உண்டு. இலைவாய் மூடுதல் செடிக்குத் தற்காப்பு. கொய்பவர்க்கோ அது கூடையின் நிறைக்குறைவு. உலர்பருவத்து மணத்தால் விலை உயரலாம்; நிறையால் அளக்கப்படும் உழைப்பிற்கு அவ்வுயர்வு தானாக வந்து சேர்வதில்லை. செடியின் இயல்பான எதிர்வினையே தொழிலாளியின் குறைபாடாகக் கணக்கிடப்படும் நிலை இவ்வாறு உருவாகின்றது.

முடிவாக, வறட்சி தாங்கும் இனவகைகளைத் தெரிதல், நிழல் மரங்களைப் பேணுதல், மண்மூடாக்கு இடுதல், கவ்வாத்துக் காலத்தை வேரின் மாப்பொருள் நிலையறிந்து வகுத்தல் ஆகியன செடியைக் காக்கும். கொய்ய வேண்டிய நிறையைப் பருவத்திற்கேற்ப மாற்றியமைத்தலே கொய்பவரைக் காக்கும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும்.