‘கடைசிச் சம்பளம்’ எந்த வருஷத்துச் சம்பளம்?

“உயர் நீதிமன்றம் வரை ஜெயித்துவிட்டேன். கம்பெனி டெல்லியில் ஸ்பெஷல் லீவ் கேட்டிருக்கிறதாம். கோர்ட்டுக்கு எதற்கு லீவு?” என்று கேட்கிறார், பணிநீக்கம் செய்யப்பட்ட வாசகர் ஒருவர். 90 நாள் கெடு பற்றியும் நிறையக் கடிதங்கள்.

இந்த ‘லீவ்’ விடுமுறை அல்ல, அனுமதி. அரசமைப்புச் சட்டத்தின் 136-வது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு யாருக்கும் உரிமையல்ல. வழக்கைக் கேட்கலாமா என்பதே முதல் கேள்வி. அனுமதி கேட்கக் கெடு, தீர்ப்பு நாளிலிருந்து 90 நாள். சான்றிட்ட நகலுக்காகக் காத்திருந்த நாட்கள் கணக்கில் வராது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி தனி மனுவும் போடலாம். எனவே 91-வது நாள் பட்டாசு வாங்க வேண்டாம்.

அதுவரை அடுப்பு எரிவது எப்படி? தொழில் தகராறுகள் சட்டத்தின் 17-பி பிரிவு, 1984 ஆகஸ்டு 21 முதல் அமலுக்கு வந்தது. மீண்டும் வேலை கொடு என்ற தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் மேலே போனால், வழக்கு முடியும்வரை ‘முழுச் சம்பளம்’ தர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், சட்டம் சொல்வது ‘கடைசியாகப் பெற்ற’ முழுச் சம்பளம். 2010-ல் 9,000 ரூபாய் வாங்கியபோது வெளியே அனுப்பப்பட்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மெஷினில் நின்றவர் இன்று 30,000 வாங்குவார். இவருக்கு அதே 9,000. 1997-ல் தேனா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பொருளையே உறுதிசெய்தது; நியாயம் கருதி நீதிமன்றம் கூடுதலாகத் தரச் சொல்லலாம் என்றது, அவ்வளவுதான். விலைவாசி ஏற ஏற, வழக்கை இழுப்பது நிர்வாகத்துக்கு மலிவாகிக்கொண்டே போகிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் அமலான தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, பெயருக்குத்தான் புதிது. ‘கடைசியாகப் பெற்ற’ அதிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நிர்வாகம் ஜெயித்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? வேண்டாம், அதே தேனா வங்கித் தீர்ப்பு சொல்கிறது.

தொழிலாளி தோற்று, அவரே மேல்முறையீட்டுக்குப் போனால்? இந்தச் சம்பளம் கிடையாது.

காரணம் சொல்லாமல் அனுமதி மனு தள்ளுபடியானால்? கீழ்த் தீர்ப்பு நிற்கும். உச்ச நீதிமன்றம் அதைச் சரியென்று சொன்னதாக ஆகாது.

பணம் தானாக வருமா? வராது. வேறு எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்த, எழுத்து மங்கிய அந்தக் கடைசிச் சம்பளச் சீட்டு பீரோவில் எங்காவது கிடக்கும். இன்றே தேடி எடுத்து நகல் போட்டு வையுங்கள்.